அடுத்த லாரிக்குச் சொல்லும் முன்

சென்னையிலும் புறநகரிலும் அடுக்குமாடிக் குடியிருப்போர் நலச் சங்கங்களை நடத்திவரும் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும், மாதக் கடைசியில் தண்ணீர் லாரி ரசீதுகளைக் கூட்டிப் பார்த்து உறக்கம் கெடும் பொருளாளர்களுக்கும்,

வணக்கம்.

பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டி, 36 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பில் மூன்று ஆண்டுகள் பொருளாளராக இருந்தேன். கட்டடத்தின் பெயரை எழுதவில்லை. அங்கே இருப்பவர்கள் என் அண்டை வீட்டார். நாங்கள் சேர்ந்து செய்த தவற்றில் எனக்கும் பங்கு உண்டு. ஆனாலும் நடந்ததைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. கோடை தொடங்கியதும் உங்கள் சங்கங்களில் ஒரு கூட்டம் நடக்கும். அதில் யார் என்ன பேசுவார்கள் என்பது எனக்கு ஏறக்குறைய மனப்பாடம். அந்தக் கூட்டத்துக்கு முன்பாக இந்த மடல் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

எங்கள் தெருவுக்குக் குடிநீர் வாரியத்தின் குழாய் இன்னும் வரவில்லை. ஆழ்குழாய் மாசி வரை தாங்கும். பங்குனி பிறந்தால் மோட்டார் தண்ணீரோடு காற்றையும் சேர்த்து இழுக்கும். பிறகு மழை வரும்வரை லாரிதான். ஒரு லாரி 12,000 லிட்டர். நாங்கள் கொடுத்த விலை 2,000 ரூபாய். ஓர் ஆண்டு ஏப்ரலில் 45 லாரி வாங்கினோம். அடுத்த ஏப்ரலில் 58. குடியிருப்போர் எண்ணிக்கை கூடவில்லை. 13 லாரி அதிகம், 26,000 ரூபாய் அதிகம், வீட்டுக்கு எழுநூறு ரூபாய்க்கு மேல் கூடுதல் பராமரிப்புத் தொகை. அந்த அறிவிப்பை லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியவள் நான்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நடந்தது. மூன்றாம் மாடியில் கைக்குழந்தை இருக்கும் வீட்டில் நாளெல்லாம் துணி துவைக்கிறார்கள் என்றார் ஒருவர். ஊரிலிருந்து விருந்தாளிகள் வந்து பத்து நாள் தங்கிய வீட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. காவலாளி மோட்டாரைப் போட்டுவிட்டுத் தூங்கிவிடுகிறார் என்றார்கள். வாதம் சுற்றிச் சுற்றிக் கடைசியில் தரைத்தளத்துக் குழாயடிக்கு வந்து நின்றது. மாடிப்படி பெருக்கித் துடைக்கும் அம்மாள் வேலை முடிந்ததும் அந்தக் குழாயில் இரண்டு குடம் தண்ணீர் பிடித்துக்கொண்டு போவார். பச்சை நிறப் பிளாஸ்டிக் குடங்கள். அவர் மகன் சைக்கிளில் வந்து, பின்னால் இருபுறமும் கயிற்றால் கட்டி எடுத்துப் போவான். பல ஆண்டுகளாக நடந்துவந்த வழக்கம் அது. யாரும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. அன்றைக்கு அது பெரிதாகிவிட்டது. குழாய்க்குப் பூட்டுப் போடுவது என்று முடிவானது. கூட்டக் குறிப்பில் அதை எழுதியதும் நான்தான்.

மறுநாள் காலை அவர் குடங்களோடு வந்து குழாயைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. குடங்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மேலே ஏறினார்.

மே மாதம் 60 லாரி வந்தது. 31 நாள் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டாலும் செலவில் ஒரு சொட்டுகூடக் குறையவில்லை.

அப்போதுதான் முதலிலேயே போட்டிருக்க வேண்டிய கணக்கைப் போட்டேன். நகரத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசின் குடிநீர் வழங்கல் கையேடு சொல்லும் அளவு. குளியல், துணி, சமையல், கழிப்பறை எல்லாம் அதற்குள் அடக்கம். எங்கள் குடியிருப்பில் 126 பேர். பெருக்கினால் நாளைக்கு 17,000 லிட்டர் சொச்சம். முந்தைய ஆண்டு 45 லாரி என்பது நாளைக்கு 18,000 லிட்டர், பெரிய வித்தியாசமில்லை. 58 லாரி என்றால் 23,200. அதாவது நாள்தோறும் 5,200 லிட்டர் எங்கோ போய்க்கொண்டிருந்தது. ஒரு குடத்துக்கு 15 லிட்டர் பிடிக்கும். இரண்டு குடம் 30 லிட்டர். இந்த இரண்டு எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் பகுதியில் பல கட்டடங்களுக்கு வேலை பார்க்கும் வயதான பிளம்பர் ஒருவரிடம் போய்ச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ராத்திரியில் மட்டம் பார்த்தீர்களா, அம்மா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

சனிக்கிழமை இரவு 11 மணிக்கு மோட்டாரை நிறுத்தினோம். தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியான சம்ப்புக்குள் வரும் ஆழ்குழாய் வால்வையும் மூடினோம். ஒரு சவுக்குக் கம்பில் சாக்பீஸை அழுத்தித் தேய்த்து, அடியைத் தொடும்வரை செங்குத்தாக இறக்கி எடுத்தோம். நனைந்த இடம் பளிச்சென்று கோடு போட்டதுபோலத் தெரிந்தது. அதில் பேனாவால் குறித்துக்கொண்டு மூடியைப் போட்டோம். விடியற்காலை 5 மணிக்கு மறுபடி அதே கம்பு, அதே இடம். இரண்டு கோடுகளுக்கும் நடுவே இரண்டரை சென்டிமீட்டர் இடைவெளி இருந்தது. பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாத அளவு. என் கட்டைவிரல் அகலத்தைவிடக் கொஞ்சம் கூட. ஆனால் எங்கள் சம்ப் 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். அதில் ஒரு சென்டிமீட்டர் என்றால் 200 லிட்டர். ஆறு மணி நேரத்தில், ஒருவரும் ஒரு குழாயையும் திறக்காமலே, 500 லிட்டர் மண்ணுக்குள் இறங்கியிருந்தது. ஒரு நாளைக்கு 2,000.

விரிசல் எங்கே என்பதையும் அதே கம்பு காட்டிக்கொடுத்தது. அடுத்த இரண்டு இரவுகள் தொட்டியை நிரப்பாமல் விட்டுப் பார்த்தோம். ஒரு மட்டம் வரைக்கும் குறைந்துகொண்டே வந்த தண்ணீர், அதற்குக் கீழே அசையாமல் நின்றுவிட்டது. சரியாக அந்த உயரத்தில்தான் மோட்டாரின் உறிஞ்சு குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு போகிறது. குழாயைச் சுற்றியிருந்த சிமென்ட் விட்டுப்போய், விரல் நகம் நுழையும் அளவுக்கு இடுக்கு விழுந்திருந்தது. கொத்திச் சுத்தம் செய்து, கலவை வைத்து, மேலே நீர்க்காப்புப் பூச்சு பூசினார்கள். இரண்டு நாள் வேலை.

இந்த இடத்தில் இரண்டு எச்சரிக்கைகள் சொல்லியாக வேண்டும். முதலாவது, உயிர் சம்பந்தப்பட்டது. மூடிக்கிடக்கும் சம்ப்புக்குள் யாரையும் அவசரமாக இறக்கிவிடாதீர்கள். குடிநீர்த் தொட்டிதானே என்று எண்ண வேண்டாம்; அடைபட்ட இடத்தில் மூச்சுக்குப் போதிய காற்று இருக்காது. எல்லா மூடிகளையும் வெகுநேரம் திறந்து வையுங்கள், மின்விசிறி வைத்துக் காற்றைச் செலுத்துங்கள், மோட்டாரின் மின்சாரத்தை முழுதாகத் துண்டியுங்கள், பெட்ரோலிலோ டீசலிலோ ஓடும் பம்பைத் தொட்டிக்குள் இறக்காதீர்கள், இறங்குபவரின் இடுப்பில் கயிறு கட்டி மேலே இருவர் நில்லுங்கள். உள்ளே ஒருவர் மயங்கினால் அவரைத் தூக்கப் பின்னாலேயே குதிப்பவரும் திரும்பி வருவதில்லை. நம் ஊரில் இப்படி எத்தனை பேரை இழந்திருக்கிறோம்!

இரண்டாவது, ஆரோக்கியம். தண்ணீர் வெளியே போகும் இடுக்கு, உள்ளே வருவதற்கும் வழிதான். ஐப்பசி கார்த்திகையில் சுற்றியுள்ள மண் ஊறி நிற்கும்போது, சம்ப்பில் தண்ணீர் குறைவாக இருந்தால் வெளியே இருப்பது உள்ளே கசியும். பக்கத்தில் கழிவுநீர்க் குழாய் போகிறதென்றால் நினைத்துப் பாருங்கள். மழைக்காலத்தில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் லாரித் தண்ணீரைச் சந்தேகப்படுகிறோமே, சம்ப்பின் சுவரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சம்ப்பில் 2,000 போக, மீதி 3,200 லிட்டர் எங்கே? மொட்டை மாடிக்குப் போனோம். இரவு 1 மணி முதல் 4 மணி வரை. கணினி நிறுவனங்களில் இரவுப்பணி பார்ப்பவர்கள் இருக்கும் வீடுகளில் முன்கூட்டியே சொல்லி, அந்த மூன்று மணி நேரம் வாளித் தண்ணீரில் சமாளிக்கக் கேட்டுக்கொண்டோம். எல்லோரும் மகிழ்ச்சியாக ஒத்துழைத்தார்கள். சண்டை போட்ட கூட்டத்தில் இருந்த அதே ஆட்கள்தான். மேல்தொட்டியின் பரப்புக்கு ஒரு சென்டிமீட்டர் 150 லிட்டர். மூன்று மணி நேரத்தில் இரண்டு சென்டிமீட்டர் இறங்கியது. ஊரே உறங்கும் நேரத்தில் மணிக்கு 100 லிட்டர்.

மேல்தொட்டியிலிருந்து ஆறு குழாய்கள் கீழே இறங்குகின்றன. ஒவ்வொன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் ஆறு வீடுகளுக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கேட் வால்வு. சில துருப்பிடித்து இறுகிப்போயிருந்தன, எண்ணெய் விட்டு மெதுவாகத் திருப்ப வேண்டியிருந்தது. அடுத்தடுத்த இரவுகளில் ஒவ்வொரு குழாயாக மூடிப் பார்த்தோம். நான்காவது குழாயை மூடிய இரவில் மட்டம் இறங்குவது பாதிக்கும் மேல் குறைந்தது. அப்படியானால் பெரிய கோளாறு அந்த ஆறு வீடுகளில்தான். ஐந்து வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து காட்டினார்கள். ஆறாவது வீடு ஏழு மாதங்களாகப் பூட்டிக் கிடந்தது. உரிமையாளர் வெளிநாட்டில். யாருமே வசிக்காத வீட்டில் தண்ணீர் எப்படிச் செலவாகும் என்று நாங்கள் அந்தக் கதவைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை.

தாம்பரத்தில் இருக்கும் அவருடைய உறவினர் சாவியோடு வந்தார். கதவைத் திறந்ததும் பூட்டிய வீட்டின் புழுக்க வாடை, தரையெல்லாம் தூசி. அந்த அமைதிக்குள் மெல்லிய சலசலப்பு ஒன்று கேட்டது. உட்பக்கக் குளியலறையில் ஃபிளஷ் தொட்டியின் மிதவை ஒரு பக்கமாகச் சாய்ந்து சுவரில் சிக்கியிருந்தது. அது மேலே எழாததால் உள்ளே வரும் தண்ணீர் நிற்கவே இல்லை. தொட்டிக்குள் இருக்கும் வழிகுழாய் வழியாக ஓசையில்லாமல் கோப்பைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கோப்பையின் வெள்ளைப் பீங்கானில், தண்ணீர் ஓடிய தடத்தில், இரண்டு விரல் அகலத்துக்குப் பழுப்பு நிறத்தில் உப்பு படிந்து தடித்திருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், பெயரவில்லை. ஏழு மாதங்களாக ஓடியிருக்க வேண்டும்.

அந்த வீட்டு வால்வை மூடிவிட்டு மொட்டை மாடியில் மறுபடி அளந்தோம். மணிக்கு 100 லிட்டராக இருந்தது 40 ஆகியிருந்தது. அந்த ஒரு மிதவை மட்டும் மணிக்கு 60 லிட்டர், நாளைக்கு 1,440 லிட்டர். நாங்கள் பூட்டுப் போட்டுத் தடுத்த குடங்களில் 96 குடம்.

மீதி 40 லிட்டரும் பெரும்பாலும் ஃபிளஷ் தொட்டிகளில்தான் போனது. இதைக் கண்டுபிடிக்க ஒரு நிபுணரும் வேண்டாம். துணிக்குப் போடும் சொட்டு நீலம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. படுக்கப் போகும் முன், ஃபிளஷ் தொட்டியின் மூடியைத் திறந்து பத்துச் சொட்டு விடுங்கள். அரை மணி நேரம் யாரும் அந்தக் கழிப்பறையைப் பயன்படுத்த வேண்டாம். பிறகு கோப்பையைப் பாருங்கள். தண்ணீரில் நீலம் தெரிந்தால் அடியில் உள்ள ரப்பர் வாஷர் சரியாக உட்காரவில்லை என்று பொருள். எங்கள் 36 வீடுகளில் 72 கழிப்பறைகள். 11 கோப்பைகளில் நீலம் தெரிந்தது. ஆழ்குழாய்த் தண்ணீரின் உப்பு அந்த ரப்பரின் விளிம்பில் படிந்து அதைக் கல்லாக்கிவிடுகிறது. சிலவற்றைக் கழற்றிக் கழுவி மாட்டியதே போதுமானதாக இருந்தது. மற்றவற்றுக்குப் புதிய வாஷர் போட்டோம். அந்தச் செலவை வீட்டுக்காரர்களிடம் கேட்க வேண்டாம் என்று சங்கத்தில் வாதாடினேன். கேட்டால் நாளை என்பார்கள், அடுத்த வாரம் என்பார்கள். அந்த ஒரு வாரத்தில் ஒழுகும் தண்ணீர் வாஷரைவிட விலை அதிகம்.

மேல்தொட்டி நிரம்பி வழிவதை நாங்கள் கண்டுபிடித்த விதம் வேறு. எங்கள் கட்டடத்தில் அதன் வழிகுழாயை மழைநீர்க் குழாயோடு இணைத்திருந்தார்கள். 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமானது. அந்தக் குழாய்கள் நேரே கசிவுக்குழிக்குள் இறங்குகின்றன. எனவே தொட்டி வழிந்தாலும் யார் தலையிலும் ஒரு சொட்டும் விழாது. ஒரு நாள் காலை பிளம்பர் அந்தக் குழாயின் அடியைக் காட்டினார். நல்ல கோடை, நாற்பது நாளாக மழை இல்லை. குழாயின் அடி ஈரமாக இருந்தது, சுற்றிப் பச்சைப் பாசி. தானாக மோட்டாரை நிறுத்த வேண்டிய சென்சார் பழுதாகியிருந்தது. காவலாளி மோட்டாரின் சத்தத்தையும் கைக்கடிகாரத்தையும் நம்பித்தான் நிறுத்திக்கொண்டிருந்தார். தண்ணீர் வழிவதைப் பார்க்க அவருக்கு ஒரு வழியையும் நாம் வைக்கவில்லை; ஆனால் தூங்குகிறார் என்று சொல்லிவிட்டோம். இப்போது வழிகுழாயைத் தனியே பிரித்து, காவலாளி அமரும் இடத்துக்கு எதிரே தெரியும்படி விட்டிருக்கிறோம். அதில் தண்ணீர் வந்தால் எல்லோருக்கும் தெரியும்.

குடிநீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரங்களையும் பாருங்கள். அதன் கழிவுநீர்க் குழாய் பாத்திரம் கழுவும் தொட்டியின் துவாரத்துக்குள் நுழைந்திருப்பதால் ஓடுவது தெரியாது. இயந்திரத்தின் தொட்டி நிறைந்த பிறகும் அந்தக் குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தால், தானாக நிறுத்தும் வால்வு கெட்டுவிட்டது. எங்களிடம் இரண்டு வீடுகளில் அப்படி இருந்தது.

சுவருக்குள் புதைந்த குழாய்தான் கொஞ்சம் சிரமம். ஆனால் அதற்கும் முதலில் சுத்தியல் வேண்டியதில்லை. வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, குழாய்கள் இறங்கும் சந்தில் உங்கள் வீட்டுக்கான வால்வையும் மூடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து அந்த வால்வை மெல்லத் திறந்து காதைக் கொடுங்கள். உள்ளே தண்ணீர் பாயும் ஓசை கேட்டால், இடைப்பட்ட நேரத்தில் குழாயிலிருந்த நீர் எங்கோ வடிந்திருக்கிறது. கேட்காவிட்டால் பெரும்பாலும் பயமில்லை.

ஈரக்கறை வேறு. கறை இருக்கிறது என்றதும் மேல்வீடும் கீழ்வீடும் முகம் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிடுவதை எத்தனை இடங்களில் பார்த்திருக்கிறேன். முதலில் கறையின் குணத்தைக் கவனியுங்கள். ஓயாமல் ஈரமாக இருந்து மெல்லப் பரவினால், அழுத்தத்தோடு தண்ணீர் வரும் குழாயில் பழுது. மேல்வீட்டில் குளித்த பிறகு நனைந்து, அவர்கள் ஊருக்குப் போனால் காய்ந்துவிட்டால், தரை ஓடுகளின் இணைப்பிலோ கழிவுநீர்க் குழாயிலோ பழுது. மழைக்கு மட்டும் வந்தால் வெளிச்சுவர். பென்சிலால் கறையின் ஓரத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். ஒரு வாரத்தில் விடை தெரிந்துவிடும். இது தெரியாமல் குளியலறையை முழுவதும் உடைத்து ஓடு மாற்றியவர்கள் உண்டு. பழுது இரண்டடி தள்ளிச் சமையலறைச் சுவரில் இருந்தது.

வாரியத்தின் குழாயும் மீட்டரும் உள்ள கட்டடங்களுக்கு வேலை இன்னும் எளிது. இரவில் எல்லாவற்றையும் மூடிவிட்டு மீட்டர் எண்ணைக் குறித்து, காலையில் மறுபடி பாருங்கள். முள் நகர்ந்திருந்தால் மீட்டருக்குப் பிறகு எங்கோ கசிவு. கட்டணம் அதிகமாக வந்தது என்று அலுவலகத்தில் போய் வாதாடும் முன் இதைச் செய்துவிட்டுப் போங்கள். மீட்டரைத் தாண்டி ஒழுகும் தண்ணீர் நம் கணக்கில்தான் வரும்.

எல்லாப் பழுதையும் சரிசெய்த பிறகு வந்த மாதத்தில் எங்களுக்கு 44 லாரி வந்தது.

நாள்தோறும் 5,200 லிட்டர் என்பதை ஓராண்டு அப்படியே விட்டிருந்தால் ஏறக்குறைய 19 லட்சம் லிட்டர் ஆகியிருக்கும். 2019-ஐ நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் ஏறக்குறைய வறண்டு, ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு 50 வேகன்களில் தண்ணீர் ரயில் வந்தது. ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். ரயில் வந்து நின்ற காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்து நாமெல்லாம் கண் கலங்கினோம். ஒரே ஒரு கட்டடம், 36 வீடுகள், அந்த ரயிலில் முக்கால் பாகத்தை ஓராண்டில் மண்ணிலும் சாக்கடையிலும் விட்டிருக்கும். நம் சாலையில் எத்தனை கட்டடங்கள்!

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று எங்கள் லாரி ஓட்டுநரிடம் ஒருமுறை கேட்டேன். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு வயற்கிணறு என்றார். முன்பு மூன்று போகம் விளைந்த நிலம், இப்போது கிணற்றைச் சுற்றி லாரி டயர்த் தடங்கள்தான் என்றார். வாரியத்தின் குழாயில் வருவதும் சும்மா வருவதில்லை. வீராணம் ஏரியிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல் குழாயில் பயணம் செய்து வருகிறது, நெம்மேலியில் கடல்நீரை மின்சாரம் செலவிட்டு உப்பு நீக்கித் தருகிறார்கள். அவ்வளவு தூரம் வந்த தண்ணீர் கடைசி மூன்று மீட்டரில், ஒரு ரப்பர் வளையத்தின் குறையால் போகிறது.

ஆகவே சங்கங்களை நடத்தும் உங்களிடம் நான் கேட்பது இவைதான். லாரிக் கணக்கை மாத மொத்தமாக வைக்காமல் நாள்வாரியாக எழுதுங்கள். ஒரு கசிவு தொடங்கிய வாரம் அதில் தெரியும். லாரி ஊற்றும் குழாயில் ஒரு மீட்டர் பொருத்துங்கள், 12,000 என்று சொல்லி எவ்வளவு வருகிறது என்பதையும் அது காட்டும். பூட்டிய வீடுகளின் வால்வை மூடிவிட்டுப் போகும்படி ஊருக்குச் செல்பவர்களிடம் எழுத்தில் கேளுங்கள்; மறந்தவர்களுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு நீங்களே மூடுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை, தை முடிவிலும் ஆவணியிலும், இரவு மட்டச் சோதனையும் சொட்டு நீலச் சோதனையும் எல்லா வீடுகளிலும் ஒரே நாளில் நடக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அளந்து பார்க்கும்வரை ஒரு மனிதரின் பெயரையும் கூட்டத்தில் எடுக்காதீர்கள். கைக்குழந்தையின் தாய், காவலாளி, வீட்டு வேலைக்கு வருபவர்கள், யார் பெயரையும்.

எங்கள் குழாயின் பூட்டை ஜூன் முதல் வாரத்திலேயே எடுத்துவிட்டோம். கூட்டக் குறிப்பில் முந்தைய முடிவை நீக்கி, காரணத்தையும் எழுதி, அந்த அம்மாளின் முன்னால் நான் படித்துக் காட்டினேன். மன்னிப்பும் கேட்டேன். பரவாயில்லை அம்மா என்றார். இப்போதும் எங்கள் படிகளைப் பெருக்கித் துடைப்பவர் அவர்தான். குழாய் திறந்தே இருக்கிறது. அவர் குடம் கொண்டுவருவதில்லை. நானும் இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தேன்; சரி என்கிறார், மறுநாளும் வெறும் கையோடுதான் வருகிறார்.

இந்தச் சனிக்கிழமை இரவு 11 மணிக்கு ஒரு கம்பும் ஒரு சாக்பீஸும் எடுத்துக்கொண்டு உங்கள் சம்ப்பின் மூடியைத் திறவுங்கள். வெளியே நின்றபடியே கம்பை இறக்கினால் போதும். நீளம், அகலத்தை மீட்டரில் அளந்து இரண்டையும் பெருக்குங்கள்; வரும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்பது கிடைக்கும். கணக்கில் சந்தேகம் வந்தாலோ, துணைக்கு ஒரு ஆள் வேண்டுமென்றாலோ, நம் சாலையில் எந்தக் கட்டடத்துக்கும் நான் வருவேன். எங்கள் சவுக்குக் கம்பு காவலாளி அறையின் மூலையில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது; முதல் இரவில் குறித்த இரண்டு கோடுகளும் இன்னும் அதில் அழியவில்லை.

அன்புடன்,
பழைய மகாபலிபுரம் சாலைக் குடியிருப்பு ஒன்றின் முன்னாள் பொருளாளர்